கறுவல் என்றால் அயலவர்

லண்டனுக்கு வந்த இரண்டாம் நாளே பஸ் தரிப்பிடத்தில் பேச்சு வாங்கினேன். அக்காவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. அவளுக்குச் சமைத்துப்போட்டு, மாத்திரை எடுத்துக்கொடுத்து, கைபிடித்து நடத்த ஓர் ஆள் வேண்டும் என்று நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தேன். மருந்துக்கடைப் பக்கம் போகும் பஸ் வந்து நின்றதும், எங்கள் ஊர்ப் பழக்கத்தில் முழங்கையை முன்னால் விட்டு ஏறப்போனேன். "வரிசை ஒன்று இருக்கிறது, அன்பே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தால் வரிசை எதுவும் இல்லை. ஆளுக்கொரு திசையில் நின்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் யார் முதலில் வந்தது, யார் பிறகு வந்தது என்பது அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. இந்த ஊரில் திட்டும்போதும் அன்பே என்று சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். வெட்கத்தோடு கடைசி ஆளாக ஏறினேன்.

நான் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். பாட்டுக் கச்சேரி அல்ல. மாவட்டச் செயலகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சுற்றறிக்கை, விண்ணப்பப் படிவம், காணி அறிவித்தல் என்று ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றி மாற்றியே தலை நரைத்தது. அதனால் எங்கே போனாலும் காது முதலில் சொற்களைத்தான் பொறுக்கும். அக்கா வீட்டில் முதலில் பொறுக்கிய சொல் எனக்குப் பிடிக்காத சொல்.

அழைப்பு மணி அடித்தது. அக்கா கதிரையில் காலை நீட்டியபடி ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "கறுவல் வந்து நிக்குது. கதவைத் திற பிள்ளை."

கதவுக்கு வெளியே எழுபத்துச் சொச்சம் வயதில், நல்ல உயரத்தில், சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு கறுப்பினப் பெண் நின்றார். கையில் துணியால் சுற்றிய தேங்காய்ப் பாண். பக்கத்து வீட்டு ஐரிஸ். பார்படோஸ் தீவிலிருந்து பதினெட்டு வயதில் வந்து, லண்டன் பஸ்ஸில் முதலில் நடத்துனராகவும் பிறகு சாரதியாகவும் இருந்தவர். இருபத்தாறு வருடமாக அக்காவுக்கும் அவருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.

கறுவல் என்பது யாழ்ப்பாணத்தில் நிறம் கறுத்த ஆளுக்கு வைக்கும் பட்டப்பெயர். செல்லமாகவும் சொல்வார்கள், இளக்காரமாகவும் சொல்வார்கள். கேட்பவருக்கு இரண்டும் ஒரே இடத்தில்தான் சுடும். எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கறுவல் நான்தான். வீட்டில் தொடங்கிய பெயர் பள்ளிக்கூடத்துக்கும் கூடவே வந்தது. பெண் பார்க்க வந்தவர்களின் காதுக்கும் போனது. அக்காவின் கலியாணப் படத்துக்கு நிற்க முன் என் முகத்தில் மூன்று தடவை பவுடர் அப்பினார்கள். அந்தப் படம் இப்போது லண்டன் மனோர் பார்க்கில் அக்காவின் கூடத்துச் சுவரில் தொங்குகிறது.

பாண் கொண்டுவந்த ஐரிஸ் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, "இதில் நீங்கள் யார்?" என்று கேட்டார். ஓரத்தில் நின்ற என்னைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் உங்களுக்கு மட்டும் சாம்பல் நிறம்?" என்றார். நான் படம் பழையது என்று சொல்லிச் சமாளித்தேன்.

தேங்காய்ப் பாணில் சாதிக்காயும் முந்திரிகை வத்தலும் போட்டிருந்தார். எங்கள் தேங்காய்ப்பூ ரொட்டிக்குத் தூரத்து உறவு, இது இனிப்பு. அக்கா பதிலுக்கு மட்டன் ரோல்ஸ் ஆறு கட்டிக் கொடுக்கச் சொன்னாள். ஐரிஸ் போனதும், "நல்ல சீவன். அத்தான் செத்த அண்டைக்கு முதல் வந்தது இதுதான். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் இதுதான்" என்றாள். நல்லதைச் சொல்லும்போதும் இது, அது என்றுதான் சொன்னாள். "அந்தச் சொல்லை விடுங்கோ அக்கா" என்றேன். "அதுக்கென்ன தெரியவே போகுது" என்றாள் அக்கா.

அக்காவின் மகள் ஆரணிக்கு முப்பத்துநாலு வயது. நடந்துபோகும் தூரத்திலுள்ள பொது நூலகத்தில் வேலை. ஐந்தாம் நாள் அவள் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் வாசிகசாலையில் இருமினாலே நிமிர்ந்து பார்ப்பார்கள். இங்கே ஒரு மூலையில் தாய்மார் வட்டமாக இருந்து குழந்தைகளுக்குப் பாட்டுப் படிக்கிறார்கள். இன்னொரு பக்கத்தில் ஒருவர் வீட்டு விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பத் தெரியாமல் கவுன்சிலைத் திட்டுகிறார். குளிருக்கு ஒதுங்கிய ஒரு கிழவர் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டு நித்திரை கொள்கிறார். ஒருவரும் அவரை எழுப்பவில்லை.

ஒக்டோபர் இங்கே கறுப்பின வரலாற்று மாதம். அந்தச் சனிக்கிழமை நூலகத்தில் கண்காட்சி. சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்து சாதித்த கறுப்பின மக்களின் படங்களும் அவர்களே எழுதிய சில வரிகளும் சுவரில் ஏறப்போகின்றன. தாதி, கணித ஆசிரியை, தேவாலயப் பாடகர், ஓட்டப் பந்தயப் பயிற்சியாளர், பஸ் சாரதி. பகுதியில் பேசும் மற்ற மொழிகளிலும் கீழே எழுத வேண்டும். "தமிழுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்தானே சித்தி" என்றாள் ஆரணி. சித்தி மட்டும் தமிழ், மிச்சம் ஆங்கிலம். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

மூன்று நாள் அந்த வேலை. இந்த மக்களைக் குறிக்கப் பள்ளிப் புத்தகத்தில் நான் படித்த பழைய சொல் இன்று வசை. எங்கள் பெரியவர்கள் வாயில் புழங்கிய சொல் அதைவிட மோசம். யோசித்துக் கறுப்பினத்தவர் என்று வைத்துக்கொண்டேன். தாதியையும் ஆசிரியையையும் முடித்துவிட்டு ஐரிஸின் தாளுக்கு வந்தேன். நடத்துனராக இருந்த காலத்தில் சில பயணிகள் அவர் கையிலிருந்து பயணச்சீட்டை வாங்கமாட்டார்களாம். இருக்கையில் வை, நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்பார்களாம். இதைத் தமிழில் எழுத நான் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. கைபடாமல் கொடுப்பதும் வாங்குவதும் எங்கள் ஊரில் நன்றாகவே நடந்தது.

அதற்கு அடுத்த வரிகளில்தான் என் கை நின்றது. ஐரிஸ் எழுதியிருந்தது இது: "என் தமிழ் அயலவர்கள் என்னைக் கறுவல் என்று கூப்பிடுவார்கள். நல்ல அயலவர் என்று அர்த்தமாம். இந்த நாட்டில் எனக்கு எத்தனையோ பெயர்கள் வைத்தார்கள். நான் வைத்துக்கொள்ள விரும்புவது இந்த ஒன்றை மட்டும்தான்."

வந்த தாள்களை ஆரணி வாசிக்காமலே என்னிடம் தந்திருந்தாள். இதைத் தூக்கிக்கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். அவள் முகம் செத்துப்போனது.

"அப்போது எனக்கு எட்டு வயசு, சித்தி" என்றாள். "ஐரிஸ் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டு, உன் அம்மா என்னைப் பற்றிச் சொல்லும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. அயலவர் என்று சொன்னேன். நல்ல அயலவர் என்று சேர்த்தேன். பிறகு எத்தனையோ தடவை சொல்ல நினைத்தேன். வருடம் போகப் போகச் சொல்ல முடியாமல் போய்விட்டது."

இந்த மனோர் பார்க்கில் எத்தனை தமிழ்க் குடும்பம். முருகன் கோயிலுக்குப் போகிறவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வருகிறவர்கள்தான். ஐரிஸின் படத்துக்குக் கீழே அந்தச் சொல்லை வாசித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஐரிஸ் பக்கத்தில் நின்று, தனக்கு வைத்த நல்ல பெயரைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துத் தானும் சிரிப்பார்.

வீட்டில் அக்காவிடம் சொன்னோம். அவள் முதலில் ஆரணியை ஏசினாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"நீதானே எழுதிறாய். அந்தச் சொல்லை எடுத்துப்போட்டு அயலவர் எண்டு எழுதிவிடு. இங்கிலீசிலையும் அச்சடிக்கேக்கை தவறிப்போச்சு எண்டு ஆரணி சொல்லட்டும். ஆருக்குத் தெரியப்போகுது?"

"அவ எழுதினதை நான் மாத்த ஏலாது அக்கா."

"இருபத்தாறு வரியத்துச் சிநேகிதம். இதைச் சொல்லி முறிக்கப் போறியே? உனக்கென்ன விசரே? நீ போயிடுவாய். சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கப்போறது நான்."

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்று பின்னேரம் அவள் சொன்னபடியே ஒரு வடிவம் எழுதியும் பார்த்தேன். அழகாக வந்தது. ஆனால் நூலகம் எரிந்த ஊரிலிருந்து வந்தவள் நான். நூலகச் சுவரில் ஏறப்போகிற தாளில் தெரிந்துகொண்டே பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. அதைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஐரிஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் வீடு அக்காவின் வீட்டைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி; இங்கே வலப்பக்கம் இருப்பதெல்லாம் அங்கே இடப்பக்கம். குசினி மேசையில் பத்திரிகை விரித்து, சீருடையில் குத்திக்கொண்ட தன் பழைய சாரதி வில்லையைத் துணியால் மினுக்கிக்கொண்டிருந்தார். கண்காட்சியில் வைக்கக் கேட்டிருந்தார்களாம். தேநீர் ஊற்றித் தந்தார். ஒரு மடக்குக் குடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். கறுவல் என்றால் அயலவர் இல்லை. கறுப்பி. நல்ல சொல் இல்லை.

அவர் மினுக்குவதை நிறுத்தவில்லை.

"என் பஸ்ஸில் ஒரு நாள் இரண்டு தமிழ்ப் பெண்கள் ஏறினார்கள்" என்றார். "ஒருத்தி தொலைபேசியில் பேசிக்கொண்டே என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னாள். எனக்கு அவளைத் தெரியாது. நான் அவளுக்கு அயலவரும் இல்லை. டிப்போவில் எங்களோடு ஒரு தமிழ்ச் சாரதி இருந்தான். அவனிடம் அர்த்தம் கேட்டேன். அவன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். அந்தச் சப்பாத்திலிருந்தே எனக்கு அர்த்தம் விளங்கிவிட்டது. அது நடந்து இருபது வருடமிருக்கும்."

கோப்பையை மேசையில் வைத்தேன். பிறகு ஏன் அக்காவைக் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டால் மன்னிப்புச் சொல்வாள். கேட்டு வாங்குகிற மன்னிப்பு எனக்கு எதற்கு? இந்தச் சுவர் மெல்லியது. ஒவ்வொரு நாளும் அந்தச் சொல் இதைத் தாண்டி வருகிறது. அவளுடைய மட்டன் ரோல்ஸும் வருகிறது. இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்." வில்லையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஆரணிதான் எங்கள் தாள்களைச் சேர்க்கிறாள் என்று தெரிந்துதான் அதை எழுதினேன். அந்த வீட்டிலிருந்து யார் வந்து உண்மையைச் சொல்கிறார்கள் என்று பார்க்க. அவள் வருவாள் என்று நினைத்தேன். வந்தது ஒரு கிழமைக்கு முன் வந்த நீங்கள்."

அப்போது அவர் குரல் உடைந்தது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம் இல்லை. இருபது வருடம் காத்திருந்து களைத்த ஒரு மனுசியின் குரல். பிறகு அவர் ஒரு புதுத்தாள் எடுத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். ஐரிஸுக்கு முந்தியே தெரியும் என்றதும் அவள் கையிலிருந்த தோடம்பழச் சுளையை அப்படியே தட்டில் வைத்தாள். "எவ்வளவு காலமாம்?" என்றாள். சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. புதுத்தாளில் என்ன இருக்கிறது என்றும் கேட்கவில்லை. ஆரணி மட்டும் அன்றே ஐரிஸ் வீட்டுக்குப் போய், கண் சிவந்து திரும்பி வந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை. அக்கா முழங்கால் வலி என்று வரமாட்டேன் என்றாள். நானும் ஆரணியும் போனோம். நூலகத்தில் புத்தகத் தட்டுகளை ஒதுக்கிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். பொரித்த வாழைப்பழமும், உள்ளே இறைச்சி வைத்த மஞ்சள் பற்றிஸும் மணத்தன. நம் கடைப் பற்றிஸைவிடக் காரம் கூட. ஒருவர் கைமேளம் அடித்தார். கணித ஆசிரியையின் படத்துக்கு முன்னால் அவருடைய பழைய மாணவி, இப்போது பொறியியலாளராம், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். தன் தாதித் தாயின் படத்தைப் பார்க்க ஒருவர் பேரப்பிள்ளைகளோடு தொலைவிலிருந்து வந்திருந்தார். கொண்டாட்டம்தான், ஆனால் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

ஐரிஸின் படத்தில் அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சீருடைத் தொப்பியோடு, சிவப்பு பஸ்ஸில் ஒரு கையை ஊன்றி நிற்கிறார், அது தன் சொந்த மாடு மாதிரி. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுக்கிய வில்லை. கீழே தமிழில் இப்படி இருந்தது:

"என் தமிழ் அயலவர்கள் இருபத்தாறு வருடமாக என்னைக் கறுவல் என்று கூப்பிட்டார்கள். கறுப்பி என்று அர்த்தம். அந்த வீட்டுச் சாப்பாட்டை நான் சாப்பிட்டேன். அந்த வீட்டுக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அந்த வீட்டுப் பிள்ளை என் வேலியோரம் வளர்ந்தாள். என் பெயர் ஐரிஸ்."

வந்த தமிழர்கள் வாசித்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு இளம் தகப்பன் மகளைத் தூக்கிவைத்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்துவிட்டு, கதிரையில் இருந்த ஐரிஸிடம் போய்த் தன் பெயரைச் சொல்லிக் கை கொடுத்தார்.

மூன்று மணி இருக்கும். வாசல் கண்ணாடிக் கதவு திறந்தது. அக்கா. சீலைக்கு மேல் கோட்டு, ஒரு கையில் ஊன்றுகோல், தோளில் ரோல்ஸ் பெட்டி வைத்த பை. இரண்டு தெரு தனியாக நடந்து வந்திருக்கிறாள். ஆரணி ஓடிப்போய்ப் பிடிக்கப்போனாள். அக்கா கையை விலக்கிவிட்டாள்.

நேரே ஐரிஸின் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சிரமம். தமிழ் வரிகளில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய வாசித்தாள். கடைசி வரியில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பி, கதிரையில் இருந்த ஐரிஸைப் பார்த்து, "சொறி" என்றாள், ஆங்கிலத்தில்.

"அது பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்வது" என்றார் ஐரிஸ்.

அக்காவுக்கு அந்த ஆங்கிலம் விளங்கியது. அவள் முகம் ஆடிப்போனது. திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீ அவவுக்குச் சொல்லு" என்றாள். அவவுக்கு என்றாள், அதுக்கு என்று சொல்லவில்லை. "அந்தச் சொல்லை நான் அவவுக்கெண்டு புதுசாச் செய்யேல்லை. முதல் என்ரை தங்கச்சியைத்தான் அப்பிடிக் கூப்பிட்டனான். நான்தான் அவளுக்கு அந்தப் பேரை வைச்சனான். அம்மாவும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, நான்தான். அவளிட்டையும் நான் இன்னும் மன்னிப்புக் கேக்கேல்லை. இதை அப்பிடியே சொல்லு."

வாயைத் திறந்தேன். எத்தனை சுற்றறிக்கை, எத்தனை சட்ட வாசகம், ஒரு நாளும் தடுமாறாத எனக்கு இரண்டு வரி வரவில்லை. ஐரிஸ் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?" என்றார்.

ஆரணிதான் சொன்னாள். அம்மா சொன்னதை, மெதுவாக, ஆங்கிலத்தில், ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னாள்.

ஐரிஸ் என் முகத்தைப் பார்த்தார். கூடத்துப் படத்தில் நிற்கும் சாம்பல் முகத்தை நினைத்துக்கொண்டாரோ தெரியாது.

"எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

"ஐம்பது வருடத்துக்கு மேல்" என்றேன்.

"அப்படியானால் வரிசையில் நீ எனக்கு முன்னால்" என்றார் ஐரிஸ்.

அக்கா ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.